டெபாசிட் விவரம் ஏஜென்டிடம் போனது எப்படி? வங்கியை எழுத்தில் பதில் சொல்ல வையுங்கள்

கேள்வி: ஒரு தனியார் வங்கியில் பல வருடங்களாகக் கணக்கு வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை அங்கேயே ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டேன். அது முதிர இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காப்பீட்டு ஏஜென்ட் போன் செய்தார். டெபாசிட் தொகை, முதிர்வுத் தேதி, நாமினியாகப் போட்டிருக்கும் என் மகளின் பெயர் எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். அதற்கப்புறம் வேறு இரண்டு பேரும் அழைத்துவிட்டார்கள். கிளைக்குப் போய்க் கேட்டபோது மேலாளர் முதலில், “எங்களிடமிருந்து போயிருக்க வாய்ப்பே இல்லை” என்றார். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், “கணக்கு தொடங்கும்போது நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் சார்” என்றார். நான் யாரிடம் புகார் செய்வது? நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

பதில்: மேலாளர் சொன்ன இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விவரம் வெளியே போகவே இல்லை என்கிறார். உங்கள் சம்மதத்தோடுதான் போனது என்றும் சொல்கிறார். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எதைச் சொல்கிறார்கள் என்பதை வங்கியின் வாயாலேயே, எழுத்தில், வரவழைப்பதுதான் உங்கள் முதல் வேலை. போகவில்லை என்று எழுதினால், ஏஜென்டுக்கு உங்கள் நாமினி பெயர் தெரிந்தது எப்படி என்று விளக்க வேண்டியிருக்கும். சம்மதத்தோடு போனது என்று எழுதினால், அந்தச் சம்மதத்தைக் காட்ட வேண்டியிருக்கும். கிளையில் நின்று வாய்வார்த்தையாகப் பேசும்வரை இரண்டு பக்கமும் நழுவ அவர்களுக்கு இடம் இருக்கிறது.

வாடிக்கையாளரின் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது வங்கி காட்டும் சலுகை இல்லை, அதன் கடமை. இங்கிலாந்தில் 1924-ல் தீர்ப்பான டூர்னியர் வழக்கில் இருந்து இது வருகிறது. பத்து பவுண்டுக்கும் குறைவான பாக்கி வைத்திருந்த ஒருவரைத் தேடி வங்கி மேலாளர் அவர் வேலை செய்யும் இடத்துக்கே போன் செய்தார். கடன் பாக்கியையும், சூதாட்டத்தில் பணம் விடுகிறார் போலிருக்கிறது என்ற தன் சந்தேகத்தையும் முதலாளியிடம் சொன்னார். அந்த வாடிக்கையாளருக்கு வேலை போனது. வங்கியின் ரகசியக் கடமைக்கு விதிவிலக்கு நான்குதான் என்று அந்த வழக்கில் நீதிமன்றம் வகுத்தது: சட்டம் கட்டாயப்படுத்துவது, பொதுநலக் கடமை, வங்கி தன் சொந்த நலனைக் காக்க வேண்டிய தேவை, வாடிக்கையாளரின் சம்மதம். நம் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளரை அறிதல்) வழிகாட்டுதலிலும் இதே நான்கு விதிவிலக்குகள் இருக்கின்றன.

அந்த வழிகாட்டுதலில் உங்களுக்கு அதைவிட முக்கியமான வரி ஒன்று உண்டு. கணக்கு தொடங்க வாங்கிய விவரங்களை ரகசியமாகக் கருத வேண்டும். வேறு திட்டங்களை விற்பதற்காகவோ மற்ற எந்த நோக்கத்துக்காகவோ, வாடிக்கையாளரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்பது அது. காப்பீடு விற்பது சரியாக இந்த வரிக்குள் விழுகிறது. அந்தக் காப்பீட்டு நிறுவனம் வங்கியின் சொந்தக் குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், வங்கியே அதற்கு முகவராகச் செயல்பட்டாலும், அது வேறு நிறுவனம்தான். “எல்லாம் நம்ம கம்பெனிதான் சார்” என்பது சட்டத்தில் செல்லாது.

பொதுத்துறை வங்கியில் கணக்கு உள்ளவர்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. ஸ்டேட் வங்கிக்கு 1955-ம் ஆண்டுச் சட்டத்தின் 44-வது பிரிவும், தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளுக்கு 1970-ம் ஆண்டுச் சட்டத்தின் 13-வது பிரிவும் ரகசியம் காப்பதைக் கடமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. உங்களுடையது தனியார் வங்கி என்பதால் ஒப்பந்தமும் ரிசர்வ் வங்கி விதிகளும் போதும்.

சரி, அந்தக் கையெழுத்து? இதில்தான் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். கணக்கு தொடங்கும் படிவத்தின் கடைசிப் பக்கங்களில், “என் விவரங்களை வங்கி தன் குழும நிறுவனங்களுடனும் பிறருடனும் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்” என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். இருந்தாலும் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். விற்பனைக்கான சம்மதம் தனியாக, டிக் செய்யும் கட்டமாக இருந்ததா, அல்லது மற்ற நிபந்தனைகளோடு சேர்த்துத் திணிக்கப்பட்டதா? எந்த விவரத்துக்குச் சம்மதம்? பெயரும் போன் நம்பரும் கொடுப்பது ஒன்று, டெபாசிட் தொகையும் மகள் பெயரும் கொடுப்பது வேறு. கடைசியாக, நீங்கள் கையெழுத்துப் போட்ட வருடம் எது? டெபாசிட்டே இல்லாத காலத்தில் போட்ட கையெழுத்தை, பின்னால் வந்த டெபாசிட்டின் விவரத்தை அள்ளிக் கொடுக்க அனுமதி என்று வாதாடுவது வங்கி வக்கீலுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. என்னைக் கேட்டால், அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குவதே பாதி வழக்கு. கட்டம் காலியாக இருக்கும் படிவத்தை வைத்துக்கொண்டு “சம்மதித்தீர்கள்” என்று யாரும் எழுத மாட்டார்கள்.

உங்கள் சம்மதம் இல்லாமலே வங்கி கொடுக்கக்கூடிய இடங்களும் உண்டு. வருமானவரித் துறை, நீதிமன்ற உத்தரவு, சட்டப்படி கேட்கும் புலனாய்வு அதிகாரி, சந்தேகப் பரிவர்த்தனைகளைப் பார்க்கும் நிதிப் புலனாய்வுப் பிரிவு, கடன் விவரங்களுக்கு சிபில் போன்ற நிறுவனங்கள். இவற்றுக்குப் போனதை எதிர்த்துப் புகார் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். காப்பீட்டு ஏஜென்ட் இந்தப் பட்டியலில் எங்கும் வரமாட்டார்.

ஆதாரத்துக்கு வருவோம். விவரத்தை விற்றது கிளை ஊழியரா, கால் சென்டரா, தகவல் கையாளும் வெளி நிறுவனமா என்று நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. வங்கிக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்த விவரம் மூன்றாவது ஆளிடம் இருந்தது என்று காட்டினால், விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு நடைமுறையில் வங்கி பக்கம் திரும்பிவிடும். அதற்கு அழைப்பு வந்த எண்கள், தேதி, நேரம் ஆகியவற்றை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அடுத்த முறை அழைத்தால் திட்டி வைத்துவிடாதீர்கள். பொறுமையாகப் பேசி, “விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். உங்கள் டெபாசிட் தொகையைக் குறிப்பிட்டு அவர் அனுப்பும் ஒரு செய்தி, பத்து வாய்ச்சாட்சிக்குச் சமம். உங்கள் போனில் நீங்களே பேசிய அழைப்பு தானாகப் பதிவாகியிருந்தால் அதை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பின்னால் வழக்குக்குப் போனால் மின்னணுப் பதிவுகளோடு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்று கொடுக்க வேண்டியிருக்கும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

ஒரு எச்சரிக்கை. நாமினி யார் என்பது உங்கள் மகளுக்கும் தெரியும், வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கலாம். வங்கி அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கும். அதனால் முதிர்வுத் தேதியையும் சரியான தொகையையும் முன்னால் வையுங்கள்.

இனி புகார். கிளை மேலாளருக்கு ஒரு பிரதி, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு பிரதி, மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவருடைய முகவரி வங்கியின் இணையதளத்திலேயே இருக்கும். கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். புகார் எண் வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். வங்கி பதில் சொல்வதற்கான 30 நாள் கணக்கு இந்தத் தேதியில் இருந்துதான் ஓடும். வாசகம் நீளமாக இருக்க வேண்டாம். இந்த அளவு போதும்:

“என் பெயரில் உங்கள் வங்கியில் உள்ள டெபாசிட்டின் தொகை, முதிர்வுத் தேதி, நாமினி பெயர் ஆகியவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு கீழ்க்கண்ட எண்களில் இருந்து, கீழ்க்கண்ட தேதிகளில், காப்பீடு விற்பதற்காக எனக்கு அழைப்புகள் வந்தன. இந்த விவரங்களை வெளியாருக்குத் தர நான் அனுமதி அளிக்கவில்லை. பின்வருவனவற்றுக்கு எழுத்தில் பதில் தேவை. ஒன்று, என் விவரங்கள் எந்தெந்த நிறுவனங்களுக்கு, எந்தத் தேதியில், என்ன நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டன. இரண்டு, அதற்கு நான் சம்மதம் அளித்ததாக நீங்கள் கருதும் ஆவணத்தின் நகல். மூன்று, என் கணக்கைப் பார்த்தவர்கள் பற்றிய கணினிப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாத்து, உள்விசாரணை நடத்தி முடிவைத் தெரிவிக்க வேண்டும். விற்பனை நோக்கத்துக்காக நான் ஏதேனும் சம்மதம் கொடுத்திருந்தால் அதை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். பெற்றவர்களிடம் இருந்து விவரங்களை நீக்கச் செய்ய வேண்டும். எனக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு இழப்பீடும் கோருகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முதல் புகாரில் கேட்காத இழப்பீட்டை மேல்நிலையில் கேட்கும்போது, “எங்களிடம் இதைக் கேட்கவே இல்லையே” என்று வங்கி சொல்லும்.

பதிலுக்கு 30 நாள் காத்திருங்கள். பெரிய வங்கிகளில் உள் ஆம்புட்ஸ்மன், அதாவது வங்கிக்குள்ளேயே இருக்கும் குறைதீர்ப்பாளர், என்று ஒருவர் இருப்பார். புகாரை நிராகரிப்பதற்கு முன் வங்கி தானாகவே அவரிடம் அனுப்ப வேண்டும்; நீங்கள் நேரடியாகப் போக முடியாது. பதிலே வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம், சந்தேகத்துக்கு 14448 என்ற எண்ணில் கேட்கலாம். 2021-ல் வந்த ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மன் திட்டத்தில், இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், அலைச்சல், மன உளைச்சல் போன்றவற்றுக்குத் தனியாக 1 லட்சம் வரையும் இழப்பீடு வழங்க வழி வைத்திருந்தார்கள். இந்தத் திட்டத்தை ரிசர்வ் வங்கி அவ்வப்போது திருத்தும். அதனால் மனு போடும் நாளில் தொகையையும் காலக்கெடுவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், 30 நாள் முடிந்ததும் தாமதிக்காமல் போட்டுவிடுங்கள். இன்னொன்று, எங்கள் தொழிலுக்கு இது நல்ல செய்தி இல்லைதான்: அந்தத் திட்டத்தில் வக்கீல் மூலமாகப் புகார் கொடுக்க முடியாது. நீங்களே கொடுக்க வேண்டும். அதற்கு வக்கீல் தேவையும் இல்லை.

ஆம்புட்ஸ்மனுக்கும் ஒரு எல்லை உண்டு. சாட்சிகளை விசாரித்து, குறுக்கு விசாரணை செய்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று தோன்றினால் அவர் புகாரை மூடிவிடலாம். அப்போது நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் நான் அதிகம் நம்புவது இந்த இடத்தைத்தான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்று 2(47) பிரிவில் வரிசைப்படுத்தியதில் ஒன்று, நுகர்வோர் நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட தகவலை, சட்டம் அனுமதித்த வகையில் அன்றி, வேறொருவரிடம் வெளியிடுவது. சேவைக் குறைபாடு என்று சுற்றி வளைத்து வாதாடாமல் இந்த வரியையே நேராக மனுவில் எழுதலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வங்கியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஒரே புகாரை ஆம்புட்ஸ்மனிடமும் ஆணையத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. முதலில் ஆம்புட்ஸ்மன், அங்கே திருப்தி இல்லாவிட்டால் ஆணையம் என்று போவதே செலவு குறைவு.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அபராதம் 250 கோடி வரை என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அந்த விதிகள் 18 மாத அவகாசம் கொடுத்தன. அது முழுதாக நடைமுறைக்கு வந்தபின், கொடுத்த சம்மதத்தை எளிதாகத் திரும்பப் பெறும் உரிமை கைகொடுக்கும். நஷ்ட ஈட்டுக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பண இழப்பு எதுவும் இல்லாத நிலையில் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை, விவரம் போன வழியை அடைப்பது, எழுத்தில் ஒரு வருத்தம், இவைதான் நடைமுறையில் சாத்தியம். அழைத்தவர்களில் யாராவது ஓடிபி கேட்டு, பணமும் போயிருந்தால் கதையே வேறு. உடனே 1930-க்கு அழைத்துப் பதிவு செய்து, அன்றே வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கோபத்தில் டெபாசிட்டை எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிடலாமா என்று தோன்றும். டெபாசிட் முதிர்ந்ததும் பணத்தை வேறு வங்கிக்குத் தாராளமாக மாற்றுங்கள், அது உங்கள் உரிமை. சேமிப்புக் கணக்கை மட்டும் புகார் முடியும்வரை மூடாதீர்கள். மூடினால் நெட் பேங்கிங்கில் இருக்கும் புகார் வரலாறும் டெபாசிட் ரசீதும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். எப்படியும் இன்றைக்கே அவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.