குற்றவியலிலும் சிறைச் சீர்திருத்தத்திலும் முன்னோடியான பெண்களில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார்?

கொன்செப்சியோன் அரெனால். ஸ்பெயின்காரர். 1820இல் ஃபெரோல் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. அரசரின் கெடுபிடி ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைக்குப் போனவர், அதில் உடல்நலம் கெட்டு, மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார்.

1840களில் ஸ்பெயினில் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. அரெனால் முடியை வெட்டிக்கொண்டு, கோட்டும் தொப்பியும் மாட்டி, ஆண் வேடத்தில் மாட்ரிட் சட்ட வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். பட்டம் கிடைக்காது என்று தெரிந்தேதான் போனார். பின்னாளில் ஏழைகளுக்கு உதவுவது பற்றிய ஒரு நூலைப் பத்து வயது மகன் பெயரில் போட்டிக்கு அனுப்பினார். 1861இல் அரச அகாடமியின் பரிசு அதற்குத்தான்.

சில ஆண்டுகளில் பெண்கள் சிறைகளைப் பார்வையிடும் அரசுப் பதவி வந்தது. அந்நாட்டில் அதற்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் அவர். அப்போது எழுதியதுதான் 1865இல் வந்த ‘குற்றவாளிகளுக்குக் கடிதங்கள்’. கைதிகளையே நேராக விளித்து, தண்டனைச் சட்டம் என்ன சொல்கிறது, எதற்கு என்ன தண்டனை, ஏன் என்று எளிய நடையில் விளக்கினார். அதே ஆண்டு அவர் பதவி பறிபோனது.

‘குற்றத்தை வெறு, குற்றவாளிக்கு இரங்கு’ என்ற வரியால்தான் அவரைப் பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிட இந்தக் கடிதங்கள்தான் பெரிது. இலவச சட்ட உதவிக்காகச் சிறைக்குப் போகும்போது விசாரணைக் கைதிகள் முதலில் கேட்பது, “சார், எம்மேல என்ன செக்‌ஷன் போட்டிருக்காங்க?” என்பதுதான். மாதக்கணக்கில் உள்ளே இருந்தும் அதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரக்கப்பட ஆள் கிடைப்பார்கள். உட்கார்ந்து சட்டத்தைப் புரியவைக்கத்தான் ஆள் இல்லை. ஒரு கைதியை யோசிக்கத் தெரிந்த மனிதராக மதித்தால்தான் அந்த வேலையைச் செய்யத் தோன்றும்.

1868 புரட்சிக்குப் பிறகு பெண்கள் சீர்திருத்தச் சிறைகளின் ஆய்வாளராக மறுபடியும் பதவிக்கு வந்தார். ஸ்டாக்ஹோமில் 1878இல் நடந்த பன்னாட்டுச் சிறை மாநாட்டுக்கு நேரில் போகவில்லை, அறிக்கைகளை எழுதி அனுப்பினார். ரோம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாநாடுகளுக்கும் அப்படித்தான். 1893இல் விகோ நகரில் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புகூட, கைதிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வெளியிட்டிருந்தார்.