பீடத்துக்கு மேல் ஒழுகினால் ஓட்டை அங்கேதான் இருக்குமா?

கேள்வி: எங்கள் பழைய தேவாலயத்துக்கு ஓட்டுக்கூரை. மழை பெய்தால் பீடத்தின் அருகே சொட்டுகிறது. இரண்டு முறை ஓடு மாற்றியும் நிற்கவில்லை. கூரை முழுவதும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓடு மாற்றியும் ஒழுகினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. மேலே புகுந்த தண்ணீர் நேராக விழாது. கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தின்) அடிப்பக்கத்தை ஒட்டியே வழிந்துவந்து, ஒரு ஆணியோ மூட்டோ தடுக்கிற இடத்தில்தான் சொட்டும். ஆலயக் கூரைகள் உயரமும் சரிவும் கூடியவை என்பதால் அந்தத் தூரம் பல அடி இருக்கலாம்.

முதலில் கோபுரச் சுவரில் கூரை வந்து முட்டும் இடத்தைப் பாருங்கள். பல ஆலயங்களில் அங்கே சிமென்டைப் பூசி விட்டிருப்பார்கள். கூரை மரம் ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கும். கோபுரச் சுவர் அப்படி அசையாது. இரண்டுக்கும் நடுவில் சிமென்ட் மயிரிழை அளவுக்கு வெடித்தாலே போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். மறுபடி பூசினால் மறுபடி வெடிக்கும். அங்கே தேவைப்படுவது உலோகத் தகடு. அதன் மேல் விளிம்பைச் சுவரின் கட்டு இடுக்கில் (கல் அல்லது செங்கல் வரிசைகளுக்கு நடுவே காரை இருக்கும் இடத்தில்) செருகி, கீழ்ப்பகுதியை ஓட்டின்மேல் படிய விட வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் இடுக்கையும் சுண்ணாம்பாலேயே அடையுங்கள். சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி, கல்லும் செங்கலும் உதிரத் தொடங்கும்.

அப்புறம், கோபுரத்தின் பின்புறம் கூரை சேரும் பள்ளத்தில் சருகும் புறா எச்சமும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அதைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க, மழை பெய்யும்போதே டார்ச்சோடு மச்சுக்குள் போய், ஈரத்தடத்தை மேல்நோக்கித் தொடர்ந்து சாக்பீஸால் குறியுங்கள். மழை இல்லாவிட்டால் ஹோஸ் வைத்துப் பார்க்கலாம். கீழிருந்து தொடங்கி ஒவ்வோர் இடமாக மேலே போக வேண்டும். மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது. தயவுசெய்து சபையாரைக் கூரையில் ஏற்றாதீர்கள். ஹோஸ் பிடிக்கவும் பாதுகாப்புக் கயிறு கட்டிய பழகிய ஆள்தான் ஏற வேண்டும். வெளிப்புறத்தைத் தரையிலிருந்து பைனாகுலரில் பார்த்தாலே நிறையத் தெரியும்.

கைமர நுனி சுவரில் உட்காரும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. உடனே கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்க வாய்ப்புண்டு. வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் மரம் எளிதில் காயாது. ஓட்டு இடைவெளிகளையும் பெயிண்டால் மூடினால் உள்ளே காற்றோட்டம் இன்னும் குறையும்.

சரி, மதிப்பீடு வாங்கும்போது தகடு வேலையைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதை எழுதத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.