ஹால் ஜன்னலுக்கு மேலே மரப் பெல்மெட்டா, துணி ஃப்ரில்லா?

கேள்வி: எங்கள் ஹால் ஜன்னல் 5 அடி அகலம், மேல் விளிம்பு தரையிலிருந்து 7 அடி, சீலிங் 10 அடி. தரை வரை திரை போடப் போகிறோம். திரையின் மேல்பகுதியை மறைக்கக் கார்பென்டர் மரத்தில் பெட்டி பெல்மெட் அடிக்கலாம் என்கிறார், டெய்லர் சுருக்கம் வைத்துத் தைத்த துணி ஃப்ரில் போதும் என்கிறார். எது சரி?

பதில்:

டிசைன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று முதலில் பாருங்கள். உள்ளே திறக்கும் கொசுவலைக் கதவு இருந்தால், மேலே என்ன மாட்டினாலும் அதன் கீழ் விளிம்பு கதவுக்கு ஒரு அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். பெட்டியை அடித்து மாட்டிய பிறகு கதவு இடிக்கிறது என்று கழற்றி அறுக்கும் வேலை நிறைய வீடுகளில் நடக்கிறது.

அடுத்தது, எதை மறைக்கப் போகிறீர்கள்? பித்தளைக் குமிழ் வைத்த நல்ல ராடில் வளையத் திரை தொங்கப் போகிறது என்றால் இரண்டுமே வேண்டாம், அழகான ராடை மூடிவைக்கச் செலவு எதற்கு? திரை ஓடும் அலுமினிய டிராக்கை மறைக்கவும், மேல் இடுக்கில் வரும் வெளிச்சத்தைத் தடுக்கவும்தான் பெல்மெட்டும் ஃப்ரில்லும்.

உங்கள் அளவுக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் ஒன்று: மேலே ஒரு பலகை, அதன் விளிம்பில் வெல்க்ரோவில் ஒட்டும் ஃப்ரில். முழுப் பெட்டி 12 மி.மீ. ப்ளைவுட்டில் செய்தாலே ஏறத்தாழ 9 கிலோ வரும். துவைக்கவும் முடியாது.

கதவு வெளியே திறப்பதாக வைத்துக்கொண்டு கணக்கு சொல்கிறேன். ஜன்னலுக்கு இரு பக்கமும் 8 அங்குலம் விட்டால் பலகை நீளம் 76 அங்குலம். கனமான திரையும் ஷீர் என்கிற மெல்லிய திரையும் என இரண்டு டிராக் என்றால் அகலம் 7 அங்குலம், ஒன்று என்றால் 4 போதும். அகலத்தில் கஞ்சத்தனம் செய்தால் திரையின் மடிப்பு ஃப்ரில்லை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். பலகையின் மேல்பக்கம் தரையிலிருந்து 8 அடியில் வரட்டும். ஃப்ரில்லின் இறக்கம் திரை நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 15 அங்குலம். அப்போது அது ஜன்னலின் மேல் 3 அங்குலத்தைத்தான் மூடும். அது பெரும்பாலும் சட்டம்தான், வெளிச்சம் குறையாது. ஜன்னலை ஒட்டியே பலகையை அடித்தால் அதே 15 அங்குலம் கண்ணாடியில் இறங்கி ஹாலையே இருட்டாக்கிவிடும்.

துணிக் கணக்கில்தான் கடையில் ஏமாறுகிறோம். முன்பக்கம் 76, இரண்டு பக்க மடக்கல் 7+7, ஆக 90 அங்குலம். சுருக்கம் நன்றாக விழ இரண்டு மடங்கு, 180. வெட்டும் உயரம் 15-உடன் மேல் மடிப்புக்கு 2, கீழே இரட்டை மடிப்புக்கு 4 சேர்த்து 21. 48 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியில் நாலு துண்டு, 84 அங்குலம், 2.25 மீட்டர் வாங்குங்கள். பூ டிசைன் 25 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்றால் ஒவ்வொரு துண்டையும் 25 ஆகத்தான் வெட்ட வேண்டும், 2.75 மீட்டர் ஆகும். இல்லையென்றால் இணைப்பில் பாதிப் பூவும் பாதி இலையும் சந்திக்கும். பிளெயின் துணி, அதே அளவில் இரண்டு ஜன்னல் என்றால் நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள். 4.75 மீட்டரில் இணைப்பே இல்லாமல் இரண்டு ஃப்ரில் கிடைக்கும்.

காட்டன் என்றால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைப்பது கட்டாயம். துணி ஒரு அளவும் லைனிங் ஒரு அளவும் சுருங்கினால் கீழ் விளிம்பு சுருட்டிக்கொண்டு ஏறும். உள்ளே பக்ரம் என்கிற விறைப்புத் துணி வைத்துத் தைப்பது புதிதில் எடுப்பாகத்தான் இருக்கும், துவைத்ததும் துவண்டுவிடும்.

வெல்க்ரோவின் முள் பக்கம் பலகைக்கு, மெத்தென்ற பக்கம் துணிக்கு. மாற்றித் தைத்தால் துவைக்கும்போது மற்றத் துணிகளைப் பிடித்து இழுக்கும். பலகையில் பசையை மட்டும் நம்பாமல் ஸ்டேப்ளர் அடியுங்கள். வெயிலில் சுடும் சுவரில் பசை இளகிவிடும்.

பலகைக்கு 18 மி.மீ. ப்ளைவுட். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஆனால் மழைக்கு ஓதம் ஏறும் சுவரில் உப்பிப்போகும். டிராக்கும் திரையும் பலகையிலேயே தொங்குவதால் எல் ப்ராக்கெட் இரண்டு போதாது, நாலு வேண்டும், சுவர்த் துளையில் ஸ்க்ரூவைப் பிடிக்க 8 மி.மீ. பிளக், 50 மி.மீ. ஸ்க்ரூ. ஜன்னலுக்கு நேர் மேலே உள்ள கான்கிரீட் லிண்டலில் துளை போடும்போது கம்பி தட்டினால் அரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். லிண்டலுக்கு மேலே செங்கல் வேலைதான் இருக்கும். அங்கே கலவை இணைப்பில் போட்ட பிளக் சீக்கிரம் ஆடும், செங்கல்லின் நடுவில் பிடிக்க வேண்டும். சுவர் ஏ.ஏ.சி. பிளாக் எனும் எடை குறைந்த கான்கிரீட் கல்லில் கட்டியது என்றால் சாதாரண பிளக் நிற்காது. அதற்கென்றே உள்ள நீளமான பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

வளைவு வளைவாகத் தொங்கும் ஸ்வாக்கையும் டெய்லர் காட்டுவார். அதைத் துணியின் மூலைவாக்கில், அதாவது க்ராஸாக வெட்டினால்தான் மடிப்பு குழைந்து விழும், துணியும் அதிகம் பிடிக்கும். மிச்சம் பிடிக்க நேராக வெட்டினால் மடிப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். ரோட்டோர வீட்டில் ஒவ்வொரு மடிப்பிலும் தூசி தங்கும், பல்லிக்கும் வசதி.