கத்தோலிக்க–மெதடிஸ்ட் கலியாணம்: திரும்ப ஞானஸ்நானம் வேண்டுமா?

தங்கச்சி, நீங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம், நீங்கள் கட்டப்போகிறவர் வெள்ளவத்தை மெதடிஸ்ட், அதாவது ஒரு புரட்டஸ்தாந்து சபைக்காரர். அவர் திரும்ப ஞானஸ்நானம் எடுத்தால்தான் கலியாணம் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறா என்று எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் மனம் கனத்தது.

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் மெதடிஸ்ட் சபை தண்ணீரால் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. அதை இரண்டாம் முறை கொடுக்கவே கூடாது. உங்களுக்குத் தேவை ஆயரின் அனுமதி. பங்குத் தந்தை வழியாகக் கேட்கலாம். கலியாணத்தை அவருடைய சேர்ச்சில் வைப்பதென்றால் கத்தோலிக்க முறைப்படிதான் நடத்த வேண்டும் என்ற விதியிலிருந்து தனி விலக்கும் வேண்டும்.

‘அவர்கள் நம்பிக்கையே வேறு’ என்று அம்மா சொல்கிறாவாம். அவ்வளவு தூரம் இல்லை. மனிதர் கடவுளின் அருளால் நீதிமானாக்கப்படுவது பற்றிக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபைகளும் 1999இல் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டார்கள். 2006இல் உலக மெதடிஸ்ட் பேரவையும் அதில் இணைந்தது.

கடினமான இடம் பிள்ளைகள்தான். அவர்களைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போதே மனம்விட்டுப் பேசுங்கள்.

பூசையில் நற்கருணையும் வழக்கமாகச் சேர்ந்து வாங்க முடியாது. என் மனைவி அங்கிலிக்கன், அந்த வலி எனக்குத் தெரியும். இரவில் இயேசு கற்பித்த செபத்தை நான் ‘பரலோகத்தில்’ என்று தொடங்குவேன், அவ ‘பரமண்டலங்களில்’ என்பா. பிறகு ‘எங்கள் பிதாவே’ என்று ஒரே குரலாகிவிடும்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். அருகில் கூட்டுச் செபம் நடந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.