பாரிஸ் மியூசியம் பாஸ் (பல அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து எடுக்கும் ஒரே அனுமதிச் சீட்டு), கூட்டமாகப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மதுரை: அக்கா, மூணு குடும்பம் சேர்ந்து வர்றோம், பதினோரு பேர். நாலு பேர் பிள்ளைங்க, 9 வயசுல இருந்து 16 வரை. பதினோரு பாஸும் வாங்கணுமா?

ஏழு போதும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை, சாந்த் ஷாப்பெல் தேவாலயம் எல்லாமே இலவசம். எந்த நாட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. ஆனால் காசு இல்லையென்றாலும் பிள்ளைக்கும் இடம் பிடிக்க வேண்டும். லூவ்ர் இணையதளத்தில் முன்பதிவு செய்யும்போது பெரியவர்களைப் 'பாஸ் வைத்திருப்பவர்' என்றும், பிள்ளைகளை 'இலவசம்' என்றும் ஒரே நேரத்துக்குப் போடுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் போட்டுவிட்டு வாசலில் பிள்ளைகளோடு தவிக்கிற குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று: முதலில் உங்கள் தேதிகளில் லூவ்ருக்கு நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பாஸ் வாங்குங்கள். பாஸ் கையில் இருந்தாலும் நேரப் பதிவு இல்லாமல் லூவ்ருக்குப் போகாதீர்கள்.

கோவை: 48 மணி நேர பாஸ்னா ரெண்டு நாள்தானே?

மணிக் கணக்கு, நாள் கணக்கு இல்லை. புதன் மதியம் 2 மணிக்கு முதல் இடத்தில் ஸ்கேன் செய்தால் வெள்ளி மதியம் 2 வரை ஓடும். மூன்று நாளைத் தொட்டுவிடலாம்.

கூட்டமாக வருகிறவர்கள் சிக்குவதும் இங்கேதான். கடிகாரம் ஆளுக்கு ஆள் தனி. இறங்கிய அன்று மாலை நாலு பேர் ஆர்வத்தில் வெற்றி வளைவின் 284 படிகளை ஏறிவிட்டால், அவர்களுடைய பாஸ் அன்றே ஓடத் தொடங்கிவிடும். கடைசி நாள் மற்றவர்கள் உள்ளே போக, இந்த நாலு பேர் வெளியே நிற்பார்கள். முதல் ஸ்கேனை எல்லோரும் ஒரே இடத்தில் ஒன்றாகச் செய்யுங்கள்.

சென்னை: மாமியாருக்கு 72, முட்டி வலி. அவங்களுக்கும் வாங்கிடவா?

வேண்டாம். பாஸில் முதியோர் சலுகை கிடையாது. அவர்கள் உண்மையிலேயே பார்க்க விரும்பும் இரண்டு இடங்களுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். லூவ்ர் மட்டும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 ஜனவரி முதல் 32 யூரோ. மற்ற இடங்களின் விலையையும் கூட்டிப் பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று இடம் நடக்கிற இளசுகளுக்குப் பாஸ், ஒன்று பார்த்துவிட்டு உட்கார நினைக்கிறவர்களுக்கு டிக்கெட். ஒரே குடும்பத்துக்குள் இப்படிப் பிரித்து வாங்குவதில் தவறே இல்லை.

ஈரோடு: ஐஃபில் கோபுரம் பாஸ்ல வருமா?

வராது.

லண்டன்: நொத்ர் தாம்?

தேவாலயத்துக்குள் போக யாருக்கும் கட்டணமே இல்லை.

சேலம்: எல்லார் பாஸையும் என் போன்லயே வெச்சுக்கறேன், சரியா?

சரியில்லை. ஒவ்வொரு பாஸுக்கும் தனி ஸ்கேன் குறியீடு. நீங்கள் ஒருவர் பின்தங்கினால் பத்துப் பேரும் வாசலில் காத்திருக்க வேண்டும். அவரவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள், பெரியவர்களுக்குத் தாளில் அச்செடுத்துக் கொடுங்கள். ஒரு இடத்துக்கு ஒரு முறைதான் அனுமதி என்பதையும் சொல்லி வையுங்கள். லூவ்ரில் பசிக்கிறது என்று வெளியே வந்தால் அந்தப் பாஸில் திரும்ப நுழைய முடியாது. உள்ளே பிரிந்தால் சேர ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள். தாரு படிக்கட்டின் உச்சியில் நிற்கும் தலையில்லாத சிறகுத் தேவதை சிலை யார் கண்ணுக்கும் தப்பாது.

புதுச்சேரி: பாஸ் இருந்தா வரிசையே கிடையாதாமே?

டிக்கெட் வரிசை மட்டும்தான் இல்லை. பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் உண்டு. சாந்த் ஷாப்பெல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது, அங்கே சோதனை விமான நிலையம் மாதிரி. பழம் நறுக்குகிற கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாய் எதுவும் பையில் இருக்கக்கூடாது. ஒருவர் பையைக் கொட்டினால் மொத்தக் கூட்டமும் நிற்கும். அங்கேயும் நேரப் பதிவு வேண்டும்.

திருச்சி: கிமே அருங்காட்சியகமும் பாஸ்ல இருக்காம், சோழர் நடராஜர் இருக்காராம். நம்ம நடராஜரைப் பார்க்க பாரிசுக்கு ஏன் போகணும்? சென்னை எழும்பூர் மியூசியத்துலயே இருக்கே!

டொராண்டோ: எழும்பூருக்கு எத்தனை பேர் போனீங்க? பிள்ளைங்க இங்கேயாவது பார்க்கட்டும்.

திருச்சி: எங்க சாமியை அவங்க கண்ணாடிப் பெட்டில பார்க்கறதுல என்ன பெருமை?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இது. கிமேயில் இருப்பது 11ஆம் நூற்றாண்டு வெண்கலம். அது ஊரை விட்டுப் போனதில் வருத்தம் உள்ளவர்களின் வருத்தம் நியாயமானது. அதற்காகப் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. எழும்பூரை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்: அங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் சிற்பி ரோதான் 1913இல் சிவ நடனத்தைப் பற்றி எழுதினார். அது அச்சில் வந்தது 1921இல், அவர் இறந்த பிறகு. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. படத்தில் பார்த்த கையையும் காலையும் வைத்தே எழுதினார்.

அந்த ரோதானின் அருங்காட்சியகமும் இதே பாஸில் உண்டு. காலையில் கிமே போய்த் தூக்கிய திருவடியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், முழு எடையும் ஊன்றிய ஒற்றைக் காலில் நிற்பது தெரியும். மதியம் ரோதானின் தோட்டத்தில் அவருடைய மனிதர்களின் கால்களைப் பாருங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் பாரிஸில் எனக்குத் தெரியாது.

திருச்சி: திருவாலங்காடு விஷயம் தெரியாதுங்க. ரெண்டும் எந்தக் கிழமை?

கிமேக்குச் செவ்வாய் விடுமுறை, ரோதானுக்குத் திங்கள். புதன் முதல் ஞாயிறு வரை எந்த நாளும் இரண்டையும் சேர்க்கலாம்.

தஞ்சாவூர்: ஐஃபில் பாஸ்ல உண்டா?

மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

நாகர்கோவில்: பாம்பிடூ அருங்காட்சியகம்?

புதுப்பிப்புக்காக மூடிவிட்டார்கள், 2030 வரை.

மலேசியா: நாங்க திங்கள், செவ்வாய் ரெண்டு நாள்தான் இருப்போம். 48 மணி நேரம் எடுக்கலாமா?

கவனமாகப் போட்டால் எடுக்கலாம். திங்கள் ஓர்சே, ரோதான், வெர்சாய் மூடியிருக்கும். செவ்வாய் லூவ்ர், ஒராஞ்செரி, கிமே மூடியிருக்கும். திங்கள் லூவ்ரையும் சாந்த் ஷாப்பெலையும் வையுங்கள், செவ்வாய் காலை ஓர்சே, மதியம் ரோதான், மாலை வெற்றி வளைவு. எல்லோரும் நடப்பீர்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

திண்டுக்கல்: அக்கா, ஐஃபில்...

வராது. தனி டிக்கெட், அதன் சொந்தத் தளத்தில், முடிந்தவரை முன்கூட்டியே.