சட்டசபைக் கேள்விக்குக் கட்டணம் இல்லை

கேள்வி: எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கிறது. என் மகள் படிக்கும் அரசு எல்.பி. (தொடக்கப்) பள்ளியில் தமிழ்வழி ஆசிரியர் பணியிடம் ஒன்று இரண்டு கல்வியாண்டுகளாகக் காலியாகக் கிடக்கிறது. தினக்கூலி ஆசிரியர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்துக்கு வந்த ஒருவர், சட்டசபையில் கல்வி அமைச்சரிடம் கேள்வி கேட்க வைத்தால் ஒரே மாதத்தில் ஆசிரியர் வந்துவிடுவார் என்றும், திருவனந்தபுரத்தில் தமக்கு ஆள் இருக்கிறது என்றும், செலவு 12,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்கிறார். உள்ளூர் எம்.எல்.ஏ. வழியாகப் போனால் நடக்காதாம். பணம் கொடுக்கலாமா? நாங்களே தமிழில் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

பதில்: கொடுக்காதீர்கள். சட்டசபையில் அமைச்சரிடம் கேள்வி கேட்பது உறுப்பினரின் உரிமை. அதற்குக் கட்டணமும் கிடையாது, முத்திரைத்தாளும் கிடையாது, முகவரும் கிடையாது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் உங்கள் குறையை ஒரு தாளில் எழுதி உறுப்பினரிடம் சேர்ப்பது மட்டுமே. கேள்வி கேட்கப் பணம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில் 2005 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலுமாகப் பதினொரு உறுப்பினர்கள் பதவியை இழந்தார்கள் என்பதும், அவைக்குள் பேசவோ வாக்களிக்கவோ லஞ்சம் வாங்கும் உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது என்பதும் உங்களிடம் 12,000 கேட்டவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளிதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்ப முடியும். கேரளத்தில் விஜிலன்ஸ் (ஊழல் தடுப்பு) துறையின் இலவசத் தொலைபேசி எண் 1064.

இத்தகைய ஆட்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் எல்லையோர ஊர்களில் இவர்களுக்கு விளைச்சல் அதிகம். இங்குள்ளவர்களுக்குப் பேச்சு மலையாளம் வரும், அலுவலக மலையாளம் வாசிக்க வராது. அந்த இடைவெளிதான் அவர்களின் முதலீடு. சட்டசபையில் தரப்படும் விடைகள் அனைத்தும் சபையின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. அவற்றில் ஆசிரியர் காலியிடம் பற்றிய ஏதோ ஒரு பழைய விடையை அச்சிட்டு, மேலே உள்ள அரசு முத்திரையைக் காட்டி, 'நம் கேள்வி வந்துவிட்டது' என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தாளில் கேள்வி எண், தேதி, கேட்ட உறுப்பினரின் பெயர், பதில் சொன்ன அமைச்சரின் பெயர் ஆகிய நான்கும் இருக்கும். நான்கையும் குறித்துக்கொண்டு, மலையாளம் நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, உங்கள் பள்ளியின் பெயர் அதில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள எம்.எல்.ஏ. விடுதி வாசலில் உறுப்பினரோடு நின்று எடுத்த படத்துக்கும் மதிப்பில்லை, அங்கே யார் கேட்டாலும் உறுப்பினர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உறுப்பினரின் உதவியாளருக்கு, தலைமைச் செயலகத்துக்கு, தட்டச்சுக்கு என்று பணத்தைப் பிரித்துக் கணக்குச் சொல்வார்கள். அப்படி ஒரு கணக்கு எங்கும் இல்லை.

'உள்ளூர் உறுப்பினர் வழியாகப் போனால் நடக்காது' என்பதில் ஒரே ஒரு சூழ்நிலையில் உண்மை உண்டு. அந்த ஒன்றை வைத்துத்தான் இவர்கள் மற்ற எல்லாவற்றையும் விற்கிறார்கள் என்பதால் அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அமைச்சராக இருக்கும் உறுப்பினர் இன்னோர் அமைச்சரிடம் கேள்வி கேட்பதில்லை, அமைச்சரவை முழுவதும் சேர்ந்துதான் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால். சபாநாயகரும் கேட்பதில்லை. உங்கள் பகுதி அடங்கிய சித்தூர்த் தொகுதிக்கு இந்த அனுபவம் உண்டு. உறுப்பினராக இருந்த கே. கிருஷ்ணன்குட்டி 2018 நவம்பரில் நீர்வளத் துறைக்கும், 2021 மே மாதத்தில் மின்துறைக்கும் அமைச்சரானார். அக்காலத்தில் இத்தொகுதிக்காரர் ஒருவர் கேள்வி வைக்க விரும்பியிருந்தால் வேறு உறுப்பினரைத்தான் நாடியிருக்க வேண்டும். ஆனால் அதற்கும் தரகர் தேவையில்லை. கேரள சட்டசபையின் 140 உறுப்பினர்களில் யார் வேண்டுமானாலும் மாநிலத்தின் எந்தப் பள்ளியைப் பற்றியும் கேட்கலாம். பக்கத்துத் தொகுதி உறுப்பினரும் கேட்கலாம், தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம், பீருமேடு உறுப்பினர்களும் கேட்கலாம், எதிர்க்கட்சிக்காரரும் கேட்கலாம். உங்கள் உறுப்பினர் அமைச்சராக இருந்தால் அது உங்களுக்கு நட்டமும் அல்ல. அவர் கேள்வி கேட்க முடியாதே தவிர, கல்வி அமைச்சருக்குத் தம் கையெழுத்தில் கடிதம் எழுதலாம். அப்படி ஒரு கடிதம் பல கேள்விகளைவிட வேகமாக நகரும். உங்கள் உறுப்பினர் அமைச்சராகவோ சபாநாயகராகவோ இல்லையென்றால் இந்தப் பேச்சே எழாது, நேராக அவருடைய தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள்.

தமிழ்ப் பள்ளி என்பதால் பொள்ளாச்சி உறுப்பினரைப் பிடித்துத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பேச வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். கேரள அரசின் பள்ளிக்குக் கேரள அமைச்சர்தான் பதில் சொல்ல முடியும்.

கேள்விகளில் இரண்டு வகை உண்டு. நட்சத்திரக் குறியிட்டவற்றுக்குக் கேள்வி நேரத்தில் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். தரகர்கள் நட்சத்திரக் கேள்வியையே பெரிதாகப் பேசுவார்கள், தொலைக்காட்சியில் வரும் என்பார்கள். ஒரு நாளைக்குப் பட்டியலில் உள்ள நட்சத்திரக் கேள்விகளில் முதல் சிலவற்றோடு நேரம் முடிந்துவிடும், மீதிக்கு எழுத்துப் பதில்தான். உங்களுக்கு வேண்டியது பேச்சு அல்ல, கையொப்பத்தோடு கூடிய ஒரு தகவல். ஆகவே குறியிடாத கேள்வியையே கேளுங்கள். கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டதும் கொண்டுபோய்க் கொடுங்கள். துறைக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத்தான் பதில் சொல்வார்கள், அதற்குப் பல நாள் முன்பே உறுப்பினர் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். தொடர் பாதியில் போனால் கல்வித் துறையின் நாள் தாண்டியிருக்கலாம்.

காரியம் கெடுவதும் கூடுவதும் கேள்வியின் வாசகத்தில்தான் இருக்கிறது. பெற்றோர் எழுதித் தரும் தாள்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'தமிழ்க் குழந்தைகளின் கல்வியை அரசு புறக்கணிப்பது ஏன்?' இதற்கு வரும் பதில் எனக்கு இப்போதே தெரியும்: 'புறக்கணிக்கவில்லை.' ஒற்றைச் சொல், அதோடு முடிந்தது. கருத்துக் கேட்டால் கருத்துதான் கிடைக்கும். அதற்குப் பதிலாக, கேரள சட்டசபையில் வழக்கமாக எழுதும் முறையில், ஒரே விஷயத்தைச் சிறு உட்பிரிவுகளாகப் பிரித்து இவ்வாறு கேட்கச் சொல்லுங்கள்: (அ) இன்ன பள்ளியில் அனுமதிக்கப்பட்ட தமிழ்வழி எல்.பி. ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை; (ஆ) அவற்றில் காலியாக உள்ளவை எத்தனை, எந்தத் தேதி முதல்; (இ) அந்தக் காலியிடம் அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்கப்பட்டதா, தெரிவித்த தேதி என்ன. (ஈ) தெரிவிக்கப்படவில்லையென்றால் காரணம் என்ன. நான்கிலும் உயிர்நாடி (இ)தான். காலியிடம் துறையிலிருந்து பி.எஸ்.சி.க்குப் போகாதவரை, பி.எஸ்.சி. தேர்வில் தேறியவர்களின் தரவரிசைப் பட்டியலில் ஆள் இருந்தாலும் நியமனம் வராது. பட்டியலின் ஆயுளோ பொதுவாக மூன்று ஆண்டுதான். காலியிடத்தைத் தெரிவிக்காமலே வைத்திருந்து, பட்டியல் காலாவதியான பிறகு 'தகுதியான ஆள் இல்லை' என்று சொல்வது இந்த மாநிலத்தில் புதிதல்ல. பி.எஸ்.சி. ஏன் தாமதிக்கிறது என்று மட்டும் கல்வி அமைச்சரிடம் கேட்க வேண்டாம், அது தம் துறை அல்ல என்று அவர் நழுவிவிடுவார். தலைமையாசிரியரின் பெயர், அவர்மீதுள்ள மனத்தாங்கல், சாதி, கட்சி ஆகிய எதுவும் தாளில் இருக்கக் கூடாது, இருந்தால் சபாநாயகர் அலுவலகமே கேள்வியைத் தள்ளிவிடும். வழக்கு நிலுவையில் உள்ள விஷயத்துக்கும் அதே கதிதான்.

கேள்வி ஏற்கப்பட்டதும் என்ன நடக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். தலைமைச் செயலகத்திலிருந்து இயக்குநரகத்துக்கும், அங்கிருந்து பாலக்காடு கல்வித் துணை இயக்குநர் (டி.டி.இ.) அலுவலகத்துக்கும், பிறகு சித்தூர் உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) அலுவலகத்துக்கும் 'அவசரம், சட்டசபைக் கேள்வி' என்று தகவல் இறங்கும். கடைசியில் ஏ.இ.ஓ. அலுவலக எழுத்தர் உங்கள் தலைமையாசிரியரைக் கைப்பேசியில் அழைத்து, 'டீச்சரே, உங்கள் பள்ளியில் எத்தனை காலியிடம்?' என்று கேட்பார். அமைச்சரின் பதில் என்று நீங்கள் வாசிக்கப்போவது பெரும்பாலும் அந்தத் தொலைபேசிப் பேச்சைத்தான். நல்ல விளைவு ஒன்று உண்டு, தூங்கிக்கிடந்த கோப்பை யாரோ ஒருவர் திறந்தாக வேண்டும். ஆனால் பதில் வந்த மறுநாளே ஆசிரியர் வருவார் என்பது பொய். பதில் ஆணை ஆகாது.

'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்று மட்டும் பதில் வருவதும் உண்டு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் ஸ்பார்க் மென்பொருளில் சம்பளம் போடுகிறார்கள், மாணவர் கணக்கு சம்பூர்ணா என்ற மென்பொருளில் இருக்கிறது. எந்தப் பள்ளியில் எந்த நாற்காலி காலி என்பதை அறிய எதைச் சேகரிக்கிறார்கள்? இந்தப் பதில் வந்தால் உறுப்பினரிடம் சொல்லி விடுபட்ட விவரத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அமைச்சர் எழுதியிருந்தால் அது உறுதிமொழி ஆகிறது, அவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கச் சபையில் அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது.

உறுப்பினரிடம் போவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி ஏ.இ.ஓ. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். இந்த ஆண்டின் பணியிட நிர்ணய ஆணையின் நகலைக் கேளுங்கள், முப்பது நாளில் தர வேண்டும். ஏன் இது முதலில் என்றால், கேரளத்தில் ஆசிரியர் பணியிடங்கள் ஜூன் மாதத்தின் ஆறாவது வேலைநாளில் எடுக்கும் மாணவர் கணக்கை வைத்தே முடிவாகின்றன. அந்தக் கணக்கில் உங்கள் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவு குறைந்திருந்தால் அந்தப் பணியிடமே இல்லாமல் போயிருக்கலாம். காலியிடம் வேறு, இல்லாத இடம் வேறு. அது தெரியாமல் கேள்வி வைத்தால், 'காலியிடம் இல்லை' என்ற பதிலை நீங்களே கேட்டு வாங்கியதாக ஆகும், பிறகு எங்கே போனாலும் அதையே எடுத்துக் காட்டுவார்கள்.

தமிழில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறுப்பினருக்குத் தரும் மனு தமிழில் இருக்கலாம். அரசுக்கும் அப்படியே. தம் குறையை அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தர அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு எல்லாருக்கும் உரிமை தருகிறது, கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் கொடுத்திருக்கிறது. 'மலையாளத்தில் கொண்டு வா' என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால், வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டு அங்கேயே நில்லுங்கள். சபைக்குள்ளும் தமிழ் தடைசெய்யப்பட்டதல்ல. 2021இல் தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா தமிழிலேயே பதவியேற்றார். அந்த வாசகத்தில் சொற்கள் விடுபட்டிருந்ததால் அவர் மறுபடியும் பதவியேற்க நேர்ந்தது என்றாலும், குறை தமிழில் இல்லை, தயாரித்துத் தந்த தாளில் இருந்தது. ஆனால் சபைக்குப் போகும் நோட்டீஸ் மலையாளத்தில் போவதே நடைமுறைக்கு நல்லது. அந்த வேலையை உறுப்பினரின் அலுவலகம் செய்யும், அதற்கும் பணம் கேட்க மாட்டார்கள். மொழிபெயர்த்த தாளை அனுப்பும் முன் உங்கள் (இ) பிரிவு அதில் விடுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சுருக்குகிறேன் என்று முதலில் வெட்டப்படுவது அந்தத் தேதிக் கேள்விதான்.