கீமோ நடக்கும்போது புரோபயாட்டிக் சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. மார்பகப் புற்றுநோய்க்கு 'ஏசி' (டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரு மருந்துகள் சேர்ந்தது) கீமோ 2 முறை முடிந்திருக்கிறது. குடலில் நல்ல பாக்டீரியா இருந்தால்தான் கீமோ வேலை செய்யும் என்று படித்துவிட்டு, புரோபயாட்டிக் காப்ஸ்யூலும் பழைய சோறும் கேட்கிறார். காய்ச்சல் வந்தால்கூட ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா படித்தது பொய்யில்லை, ஆனால் அது எலிகளில் பார்த்தது. 'ஏசி'யில் உள்ள சைக்ளோபாஸ்பமைடு சிறுகுடலின் உட்சுவரைப் பழுதாக்கும். அந்த வழியே சில பாக்டீரியாக்கள் மண்ணீரல் வரை போய், கட்டியைத் தாக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. ஆன்டிபயாட்டிக் கொடுத்த எலிகளில் மருந்தின் பலன் குறைந்ததாக 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. காப்ஸ்யூல் சாப்பிட்டால் மார்பகக் கட்டி கூடுதலாகச் சுருங்கும் என்பது மனிதர்களிடம் நிரூபணமாகவில்லை.

அதே பழுதான குடல்சுவர்தான் ஆபத்தும். கீமோ போட்ட 7 முதல் 14ஆம் நாள் வரை கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது காப்ஸ்யூலில் இருக்கும் உயிருள்ள பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். கையிலோ மார்பிலோ கீமோ குழாய் பொருத்தியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எனவே காப்ஸ்யூல் வேண்டாம்.

பழைய சோற்றையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாகாது; இரவு முழுக்க வெளியில் இருக்கும் சோற்றில் பெருகும். காய்ச்சிய பாலில் வீட்டில் உறைய வைத்த புதுத் தயிர் பெரும்பாலும் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் எண்ணிக்கை (ஒரு மைக்ரோலிட்டருக்கு) 500க்குக் கீழே போனால் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

குடல் பாக்டீரியாவுக்குத் தீனி நார்ச்சத்துதான். நன்றாக வெந்த சுண்டல், கீரை, காய்கள், தோலுரித்துத் தின்னும் வாழைப்பழம், ஆரஞ்சு போதும். வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும், அதற்கும் இது உதவும். வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் நாரைக் குறைத்து, கஞ்சி, உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று மாறுங்கள். வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறை கூடுதலாகப் போனால் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கவலை ஆன்டிபயாட்டிக் விஷயத்தில்தான். 101 டிகிரி ஒரு முறை தொட்டாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, நள்ளிரவானாலும் கிளம்புங்கள். அதற்கு முன் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும். மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும். எலி ஆய்வை நம்பி அதை மறுப்பது மிகத் தவறு. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நீங்களாகக் கொடுப்பதும் அப்படித்தான்.